பானெட்டைத் திறக்குமுன் தரையில் படுத்துப் பாருங்கள்

பழைய டீசல் வண்டி பார்க்கப் போகிறவர்கள் எங்கள் பக்கம் எல்லோரும் ஒரே மாதிரிதான். பானெட்டைத் தூக்குவார்கள், செல்ஃப் அடிக்கச் சொல்வார்கள், புகையைப் பார்ப்பார்கள், "இன்ஜின் தங்கம்" என்று தலையாட்டிவிட்டு விலை பேச உட்கார்ந்துவிடுவார்கள். கமுதியிலோ அருப்புக்கோட்டையிலோ ஓடின வண்டியை அப்படிப் பார்த்தால்கூட மன்னிக்கலாம். தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று கடலோரமாகவே ஓடி முடித்த வண்டியை அப்படிப் பார்க்கவே கூடாது. இங்கே வண்டியைத் தின்பது உப்பு. அது தின்னும் இடம் பானெட்டுக்குள் இல்லை.

நான் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் கருவாட்டு வியாபாரம் செய்கிறவள். எங்கள் மாமா, அதாவது வீட்டுக்காரரின் அப்பா, ஒரு டாடா 207 டிஐ பிக்கப் வண்டி வைத்திருந்தார். 2007 மாடல். ஐஸ் போட்ட மீன் பெட்டிகளைக் கரையிலிருந்து ஏற்றிக்கொண்டு போய்ப் போய், அந்த வண்டியில்தான் வீட்டைக் கட்டினார், மகள்களைக் கட்டிக்கொடுத்தார். அவர் தவறியபின் வண்டி பனைமரத்தடியில் நின்றுவிட்டது. டயர் நாலும் தரையோடு ஒட்டி, கேபினுக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

அதை எழுப்பலாமா என்ற பேச்சு வந்ததற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை. கருவாட்டுக்கு வாடகை வண்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. குட்டியானை வைத்திருக்கிற தம்பிகளைக் கூப்பிட்டால், "அக்கா, வாடை போகாதுக்கா, நாளைக்கு அரிசி லோடு இருக்கு" என்பார்கள். வருகிறவரும் கழுவுகூலி என்று தனியாக வாங்குவார். பரமக்குடி, மதுரைப் பக்கம் சரக்கு அனுப்புகிற எனக்கு அது மாசாமாசம் எரிச்சல். சொந்த வண்டி வேண்டும், புது வண்டிக்கு மாதத் தவணை கட்ட மனசு வரவில்லை. பாரத் ஸ்டேஜ் 6 என்கிற புகை விதிப்படி வருகிற புது பிஎஸ்-6 வண்டி என்றால் சென்சாரும் ஒயர் சாக்கெட்டும் ஏராளம். உப்புக்காற்றில் ஒரு சாக்கெட்டில் பச்சை பூத்தாலும் ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ கம்ப்யூட்டர் வைத்திருக்கிற இடத்துக்குத்தான் ஓட வேண்டும். 207 டிஐ அப்படி இல்லை. 2956 சிசி, நாலு சிலிண்டர், மெக்கானிக்கல் பம்பு. டீசலும் காற்றும் சரியாக வந்தால் ஓடும். சாயல்குடியில் நின்றாலும் எஸ்.பி.பட்டினத்தில் நின்றாலும் அவிழ்த்துப் பார்க்க ஆள் உண்டு.

வளைகுடாவில் இருக்கிற கொழுந்தன் வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "மதினி, எவ்வளவு ஆனாலும் ஆகட்டும். அப்பா வண்டி. நல்லா பெயின்ட் அடிச்சு ஓட்டுங்க." அத்தைக்கும் அதுதான் ஆசை. இந்த மாதிரி நேரத்தில் வீட்டில் எல்லோரும் பெயின்ட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் உச்சிப்புளியிலிருந்து ஒரு பழைய மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். படகு இன்ஜினும் பார்ப்பார், லாரியும் பார்ப்பார். அவர் கையில் ஸ்பேனர் பெட்டிகூட இல்லை. ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், விரிக்க ஒரு சாக்கு. அவ்வளவுதான்.

சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே புகுந்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. முன்பக்கம் தட்டியபோது ணங், ணங் என்றது. கேபினைத் தாண்டியதும் அது தொப், தொப் என்று மாறியது. "ஆத்தா, நீயே குனிஞ்சு பாரு" என்றார். புடவையைச் செருகிக்கொண்டு நானும் படுத்தேன். இன்ஜின் நிற்கிற பகுதியில் சேஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், கறுப்பாக, ஆயில் சேறு அப்பி, புதுசு போலவே இருந்தது. பல வருடமாக ஒழுகின ஆயில்தான் அதைக் காப்பாற்றியிருக்கிறது. பின்பாதி அப்படி இல்லை. பின் ஆக்சிலைத் தாங்கும் வில்லான பட்டை கோக்கிற ஹேங்கர் இருக்கும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். சட்டத்துக்குள் கைப்பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. மறுபக்கமும் அதே. இரும்பு வெங்காயத்தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து என் முகத்தில் விழுந்தது.

ஏன் பின்பாதி மட்டும் என்பதற்கு அவர் சொன்ன காரணம் எளிது. ஐஸ் உருகின தண்ணி, மீன் ரத்தம், கடல் தண்ணி எல்லாம் பாடிப் பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கும். சேஸ் சட்டம் பெட்டிபோல் மூடிய இடங்களில் அது உள்ளே தங்கிவிடும். வடியவைக்கிற ஓட்டைகள் செதிலும் மண்ணும் அடைத்து மூடிக்கிடக்கும். வெளியே எவ்வளவு கழுவினாலும் உள்ளே போன உப்பு போகாது. சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டாலே தானாக நீர்விட ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசிய உப்பும் கலந்திருப்பதால் அதற்கும் கீழேயே நசநசக்கும். எங்கள் ஊரில் ராத்திரி ஈரப்பதம் அதைத் தாண்டாத நாள் அபூர்வம். மழையே பெய்யாவிட்டாலும் வண்டிக்கு உள்ளே ஈரம்தான்.

பாம்பன் பாலத்தை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தை வருடம் முழுக்கச் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டேதான் காப்பாற்றினார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு, முழுக்க வெல்டு செய்த இணைப்புகள் என்று போட்டிருக்கிறார்கள். நூறு வருடப் பாடம் அதில் இருக்கிறது. நம் வண்டியில் தகடுக்கு மேல் தகடு வைத்து போல்ட்டும் ரிவிட்டும் அடித்த ஒவ்வொரு இணைப்பும் உப்பு ஒளிந்துகொள்ளும் இடம்.

சேஸைப் பார்த்தபிறகுதான் இன்ஜினுக்கே போனார். வருடக்கணக்காக நின்ற டீசல் இன்ஜினை எடுத்த எடுப்பில் செல்ஃப் அடிக்கக் கூடாது. அவர் செய்த வரிசையை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். பழைய ஆயிலை இறக்கினார். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணி புகுந்திருக்கிறது என்று அர்த்தம். எங்களுடையது கறுப்பாகத்தான் இருந்தது. டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டார். மறுநாள் கிராங்க் புல்லியில் நீளமான ஸ்பேனர் மாட்டிக் கையால் சுற்றினார். எங்காவது இடித்து நின்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், வலுக்கட்டாயம் கூடாது. சுற்றியது. டேங்கிலிருந்த டீசலை வடித்தால் அடியில் தண்ணியும், கறுப்பாகப் பாசி மாதிரி ஒரு கசடும். அந்த டேங்கை ஒதுக்கிவிட்டு, ஒரு கேனில் புது டீசல் வைத்து, புது ஃபில்டர் போட்டு, கையால் அழுத்தும் ப்ரைமர் பம்பை அழுத்தி டீசல் குழாயிலிருந்த காற்றை எடுத்தார். வேறு வண்டியின் பேட்டரியைக் கோத்தார். கொஞ்சம் முக்கி முனகி, வெள்ளையாக ஒரு புகை விட்டு, பிடித்துக்கொண்டது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சூடானதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தார். அங்கிருந்து புகை குபுகுபுவென்று அடித்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மெல்லிசாகத்தான் வந்தது. நீலப் புகை இல்லை. கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்ததிலும் நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒன்று மற்றதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால்தான் கவலை என்றார். ஆக, இன்ஜின் நிஜமாகவே தங்கம்தான். பானெட்டை மட்டும் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே பெயின்ட் கடைக்குப் போயிருப்போம்.

"அண்ணே, சேஸுக்கு வெல்டு வச்சுக் கட்ட முடியாதா?" என்று கேட்டேன். கரையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற சொந்தக்காரர் ஒருவர் நாற்பதாயிரத்துக்கு இரண்டு பக்கமும் பிளேட் வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். மெக்கானிக் சிரித்தார். "எதுல வைப்பாரு? வெல்டு பிடிக்க இரும்பு வேணுமே." பல்லி மாதிரி ஒட்டுகிற பிளேட்டின் விளிம்பில், துரு தின்று மெலிந்த பழைய தகடு கிழியும். வெல்டு சூட்டில் உள்பக்கத்தில் மிச்சமிருக்கிற பெயின்ட்டும் கருகும், அங்கே கைவிட்டுத் திரும்பப் பூச வழி கிடையாது. குறுக்குச் சட்டமோ, பாடி உட்காரும் பிராக்கெட்டோ, ஒரே ஒரு ஹேங்கரோ போயிருந்தால் மாற்றிவிடலாம், அது வேலை. நீளச் சட்டமே இரண்டு பக்கமும், அதுவும் பட்டை கோக்கிற இடத்தில் போயிருந்தால் விட்டுவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரு டன் கருவாட்டோடு பாம்பன் ரோட்டுப் பாலத்தில் குறுக்குக் காற்றில் போகிறபோது பின் ஆக்சில் தனியாகக் கழன்றால் யார் பொறுப்பு?

இன்னொன்றும் சொன்னார், இது வாங்கப் போகிறவர்களுக்கு. சேஸ் முழுக்கப் புதுசாகத் தார் பெயின்ட் மினுமினுத்தால் சந்தோஷப்படாதீர்கள். துருவுக்கு மேல் தார் அடித்தால் ஈரம் உள்ளே பூட்டிக்கொள்ளும். விற்கிறவர் அவசரமாக அடித்த தார் என்றால் சுரண்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. கேபின் அடிப்பாகம், கதவின் கீழ் ஓரம், வீல் ஆர்ச் ஆகிய இடங்களில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டி பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் மாமா வண்டி காயலாங்கடைக்கா? வீட்டில் ஒரு வாரம் யாரும் சரியாகப் பேசவில்லை. அந்தச் சமயத்தில்தான் கமுதிப் பக்கமிருந்து ஒரு 207 பற்றித் தகவல் வந்தது. 2008 மாடல். கரிமூட்டக் கரியும் குண்டு மிளகாயும் ஏற்றின வண்டி. தண்ணியில்லாமல் ஓட்டி, சூடேறி, ஹெட்டும் பிளாக்கும் வீணாகி இன்ஜின் செத்துக் கிடந்தது. அந்த ஊரில் யாரும் சீந்தவில்லை. மெக்கானிக் அண்ணன் அதே சுத்தியலோடு கீழே படுத்தார். முன்னிருந்து பின்வரைக்கும் ணங், ணங். கரித்தூளும் புழுதியும் தவிர அடியில் ஒன்றுமில்லை. எழுபதாயிரம் சொன்னார்கள், அறுபதுக்கு முடிந்தது.

மாமா வண்டி இன்ஜினைக் கமுதி வண்டியின் சேஸில் ஏற்றி, இரண்டு வண்டியையும் ஒன்றாக்குவது என்று முடிவானது. இங்கேதான் நம்மாட்கள் பலர் குறுக்கு வழியில் போகிறார்கள். "நம்பரை மாத்தி அடிச்சுக்கலாம்" என்று ஒரு புரோக்கர் தணிந்த குரலில் சொன்னார். சேஸ் எண்ணில் கைவைப்பது குற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிட்டுவிடும். இன்ஜின் மாற்றுவதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, மாற்றிய 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்சியில் புது எண்ணை ஏற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன்பே ராமநாதபுரம் ஆர்டிஓ அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொண்டுதான் நாங்கள் ஸ்பேனரை எடுத்தோம். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், 2010-க்கு முந்திய வண்டிகள் என்பதால் புகை விதியிலும் சிக்கல் இல்லை. புது பாரத் ஸ்டேஜ் வண்டியில் பழைய ஸ்டேஜ் இன்ஜினைப் போட நினைத்தால் அங்கேயே நின்றுவிடும்.

மாமா வண்டியின் ஆர்சி இன்னும் அவர் பெயரிலேயே இருந்தது. உரிமையாளர் இறந்துபோனால், பெயர் மாற்றப் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வேண்டும். வாரிசுகள் அத்தனை பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாத்தனார்கள் இருவரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள், கொழுந்தன் கையெழுத்து வெளிநாட்டிலிருந்து வர நாளானது. முதலில் அத்தை பெயருக்கு மாற்றி, இன்ஜினை எடுத்தபின், அந்த வண்டியின் பதிவை ரத்து செய்தோம். பலர் வண்டியைக் காயலாங்கடையில் எடைக்குப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், ஆர்சி உயிரோடு இருக்கிறது. அதன் மேல் வரி பாக்கி ஏறும், அந்த நம்பர் பலகை வேறெங்காவது ஓடினாலும் கேள்வி நம் வீட்டுக்குத்தான் வரும். ஓட லாயக்கில்லாமல் போன வண்டியை 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்கச் சொல்கிறது 55-ஆம் பிரிவு. கமுதி வண்டிக்கு அரசின் எம்பரிவாகன் செயலியில் ஃபைனான்ஸ் பாக்கி, அபராதச் சலான் எல்லாம் பார்த்தோம். ஃபைனான்ஸ் பெயர் நீங்காமல் இருந்ததால், கடன் முடிந்தது என்று காட்டும் படிவம் 35 கொண்டுவந்தபிறகே மிச்சப் பணம் கொடுத்தேன்.

இடையில் ஒரு சித்தப்பா, "பத்து வருசத்துக்கு மேல டீசல் வண்டி ஓட்டக் கூடாதாமே, பிடுங்கிருவாங்களாம்" என்று வந்து நின்றார். அது டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு, காற்று மாசுக்காகப் போட்ட உத்தரவு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. ராமநாதபுரத்துக்கு அது பொருந்தாது. நமக்குப் பொருந்துவது எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு அது வருடாவருடம். வண்டிக்கு வயது கூடினால் கட்டணமும் கூடும். 15 வயது தாண்டிய வண்டிக்கு 2022 ஏப்ரலில் அதைப் பல மடங்கு ஏற்றினார்கள். ஆகவே வாங்குகிற மாதம் என்ன கட்டணம் என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். பசுமை வரி தனி. இன்சூரன்ஸில் ஒரு விஷயம் பலருக்கும் உறைப்பதில்லை. சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு எடையைப் பொறுத்தது, வயதை அல்ல. 7500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு 2022 ஜூனில் வந்த விகிதம் 16,049 ரூபாய், மேலே வரி. அறுபதாயிரத்துக்கு வாங்கின வண்டிக்கும் அதேதான், பத்து லட்சம் கொடுத்து வாங்கின புது வண்டிக்கும் அதேதான். மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாவிட்டால் பெர்மிட் தேவையில்லை, ஆர்சியில் பார்த்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், சக்கரம் சுற்றுவதற்கு முன்பே வருடம் முப்பது, நாற்பதாயிரம் போய்விடுகிறது. என் கணக்கில், மாதம் ஐந்தாறு லோடாவது இல்லாதவர்கள் கழுவுகூலி கொடுத்தாவது குட்டியானையையே கூப்பிடுவது நல்லது. எனக்கு அதைவிட அதிகம் இருந்தது.

செலவை மூன்றாகப் பிரித்து வைத்தேன். சட்டப்படி ஓட வேண்டியது, உயிருக்கு வேண்டியது, கண்ணுக்கு வேண்டியது. பிரேக்கில் கைவைத்தபோது வீல் சிலிண்டர் எல்லாம் இறுகிக் கிடந்தது, இரும்புப் பிரேக் பைப்பையும் சேர்த்து முழுக்கப் புதுசு போட்டோம். டயர் நாலும் ஸ்டெப்னியும் புதுசு. பார்க்க வரிப்பள்ளம் நன்றாக இருந்தாலும் வருடக்கணக்காக வெயிலில் நின்ற டயரை நம்ப முடியாது. பம்பையும் நாசில்களையும் மதுரையில் பம்பு லேபுக்கு அனுப்பிச் சரிபார்த்தோம், அதுதான் எரிபொருளையும் புகையையும் தீர்மானிப்பது. இந்த வயது வண்டிகளுக்குப் புகையின் அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜுக்குள் (புகையை அளக்கும் அலகு) வர வேண்டும். ஒயரிங் கேபினிலிருந்து பின் விளக்கு வரைக்கும் புதிது. மாமா வண்டியிலிருந்து இன்ஜினோடு கியர் பாக்ஸ், செல்ஃப், நல்ல நிலையிலிருந்த ஒரு கதவு ஆகியவையும் வந்தன. பெயின்ட்டைக் கடைசியில் வைத்தேன். கொழுந்தன் கோபித்துக்கொண்டார்.

வேலைக்கு எந்த மாதம் என்பதும் முக்கியம். மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, சரக்கு குறைவு, வண்டி சும்மா நிற்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். அந்த 61 நாளும் விசைப்படகு எல்லாம் கரையேறி நிற்கும். கடலோரத்தில் வெல்டர், பெயின்டர், மெக்கானிக் யாரையும் பிடிக்க முடியாது, பிடித்தாலும் கூலி ஏறியிருக்கும். நாங்கள் வண்டியைப் பரமக்குடிப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டோம். வாடைக்காற்று தொடங்குவதற்கு முன் கேபினுக்கும் சேஸுக்கும் பூச்சு காய்ந்துவிட வேண்டும். ஈரக்காற்றில், உப்புப் படிந்த இரும்பின்மேல் அடித்த ப்ரைமர் அடுத்த வருடமே கொப்புளம் கட்டும். பூசுவதற்கு முன் நல்ல தண்ணியில் கழுவிக் காயவைக்காமல் பூசாதீர்கள். எங்கள் பக்கத்து போர் தண்ணியே உவர், அதில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பை வைப்பதுதான். வாட்டர் சர்வீஸுக்குப் போனாலும் என்ன தண்ணி என்று கேட்டுவிட்டே விடுகிறேன்.

பாடியில் செய்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன் தருகிறது. பலகை இடுக்கையெல்லாம் அடைத்து, மேலே தகடு விரித்து, பின்பக்கமாகச் சற்றே சரிவு கொடுத்து, இரண்டு மூலையிலும் ரப்பர் குழாய் இறக்கியிருக்கிறோம். தண்ணி இனி சேஸைத் தொடாமல் பம்பருக்குப் பின்னால் போய் விழும். சேஸின் வடிகால் ஓட்டைகளைக் கம்பி விட்டுக் குத்தித் திறந்து, உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயைக் குழாய் வழியாகப் பீய்ச்சினோம். கழிவு ஆயில் அடிக்கிற பழக்கம் இங்கே உண்டு. பட்டை ரப்பரும் பிரேக் ஹோஸும் அதில் ஊறிக் கெடும் என்பதால் நான் விடவில்லை. பச்சை மீன் லோடு வேண்டாம், கருவாடு மட்டும் என்பது வண்டிக்குப் போட்ட சட்டம். அதிலும் சாக்கிலிருந்து உதிர்கிற உப்பை அன்றன்றைக்கே கூட்டி எடுத்துவிட வேண்டும்.

மொத்தம், வண்டி வாங்கினதோடு சேர்த்து, இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேலே நின்றது. மாமா வண்டியின் மிச்ச இரும்பு எடைக்குப் போனதில் கொஞ்சம் திரும்பி வந்தது. எஃப்சி முதல் தடவை திரும்பிவிட்டது, ஹேண்ட் பிரேக் பிடிப்பு போதவில்லை, பின்பக்க ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் சரியான அளவில் இல்லை. இரண்டையும் சரிசெய்து கொண்டுபோனதும் கிடைத்தது. இப்போது மூன்றாவது கியரில் ஒரு முனகல் இருக்கிறது. கமுதி வண்டியின் பழைய கியர் பாக்ஸைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறோம், அதிலிருந்து பேரிங் பொருந்துமா என்று அடுத்த தடைக்காலத்துக்கு முன்பே பரமக்குடியில் காட்ட வேண்டும்.